இரும்புக்கை மாயாவியும் கையடக்கத் தொலைபேசியும்

வெலிமடை பஸ் நிலையத்துக்கு அண்மையில், 1980களின் முற்பகுதியில், ஒரு சிறிய சலூன் இருந்தது. முடி வெட்ட வருபவர்கள் காத்திருக்கும் வாங்கில் அன்றைய பத்திரிகையும், அதனருகே நைந்துபோன சில சித்திரக்கதைப் புத்தகங்களும் கிடக்கும். மரக்கறி லொறியில் வந்த உதவியாளர், சம்பள நாளில் தோட்டத்திலிருந்து நகருக்கு இறங்கிய இளைஞர், குருத்தலாவைப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் மாணவன், பாடசாலை விட்டு வந்த நான் என்று பலரும் ஒரே புத்தகத்துக்குள் தலையை நீட்டி வாசிப்போம். பல புத்தகங்களுக்கு முதல் பக்கம் இருக்காது; சிலவற்றுக்குக் கடைசிப் பக்கம் இருக்காது. எனவே யார் நல்லவன், யார் கெட்டவன் என்ற தர்க்கம் அடிக்கடி மூளும். சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்தாமலே, "முதல் பக்கம் இல்லாத புத்தகத்த வச்சிக்கிட்டு யாரு வில்லன்னு சண்டை பிடிக்காதீங்க தம்பி" என்பார்.

அந்த வார்த்தை அன்று எங்களுக்குச் சிரிப்பை வரவழைத்தது. இன்று கையடக்கத் தொலைபேசியில் வந்து குவியும் படங்களையும் காணொளிகளையும் பார்க்கும்போது, செய்தியை வாசிப்பது பற்றி எனக்குக் கிடைத்த முதற்பாடம் அதுதான் என்று தோன்றுகிறது.

இலங்கைத் தமிழ் வாசகருக்குச் சித்திரக்கதை எளிதிற் கிடைத்த பொருளல்ல. 1970 முதல் 1977 வரை பதவியிலிருந்த அரசாங்கத்தின் காலத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அக்காலப் பகுதியிலேதான், 1972 ஆம் ஆண்டு, சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1977 க்குப் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் இத்தகைய இதழ்கள் கொழும்பு வழியாக மலைநாட்டுக் கடைகளையும் எட்டின. 1984 இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்து சேர்ந்தபோது எங்கள் வாங்கில் இடம் போதவில்லை.

மாயாவியின் கதையை அறியாத இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1962 இல் பிரித்தானியாவின் 'வேலியண்ட்' என்ற வாரச் சஞ்சிகையில் தோன்றிய பாத்திரம் அது. ஆய்வுகூட விபத்தொன்றில் கையை இழந்த ஒருவனுக்கு உருக்கினாலான செயற்கைக் கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் பாய்ந்தால் அவனது உடல் முழுவதும் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கதையில் வருபவர்கள் கையைக் கண்டு அலறுவார்கள். அந்தக் கைக்குரியவன் யார், அவனது நோக்கம் என்ன என்பது அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஏனெனில் நாங்கள் முந்திய பக்கங்களை வாசித்திருந்தோம்.

சித்திரக்கதையின் இயல்பு இங்கேதான் விளங்குகிறது. ஒரு பக்கத்தில் ஐந்தாறு கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் ஒரு வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தில் நடந்ததை ஓவியர் வரைவதில்லை; வாசகனே தன் மனத்தில் வரைந்துகொள்கிறான். அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞரான ஸ்கொட் மெக்ளவுட் 1993 இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டத்தில், தேயிலை மலையில் ஒரு மனிதன் சிறுவன் ஒருவனுக்கு முன்னால் தடியை ஓங்கி நிற்கிறான். இதை மாத்திரம் பார்ப்பவர் அவனைக் கொடியவன் என்பார். அதற்கு முந்திய கட்டத்தில் சிறுவனின் காலடியில் ஒரு பாம்பு வரையப்பட்டிருந்தால், அதே மனிதன் காப்பாற்ற வந்தவனாகிவிடுகிறான். தடி ஓங்கிய படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. பாம்பு உள்ள கட்டம் நமது கண்ணுக்குக் கிடைத்ததா இல்லையா என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது.

இன்றைய இணையத்தின் 'மீம்' என்பது இவ்வாறு பிரித்தெடுக்கப்பட்ட ஒற்றைக் கட்டமே. இச்சொல்லை 1976 இல் ரிச்சர்ட் டோக்கின்ஸ் என்ற உயிரியலாளர் உருவாக்கினார். ஒருவர் மனத்திலிருந்து மற்றொருவர் மனத்துக்குத் தொற்றிப் பரவும் கருத்தை அவர் அவ்வாறு அழைத்தார். இணையம் அதனை எடுத்து, படமும் ஒரு வரி எழுத்துமாகப் பரவும் நகைச்சுவைக்குப் பெயராக்கிக்கொண்டது. 2019 மே மாத இறுதியில் நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று பேஸ்புக் பக்கமொன்றில் கேட்கப்பட்டது. தமிழர் ஒருவர், 2001 இல் வெளிவந்த 'பிரண்ட்ஸ்' திரைப்படத்தில் வடிவேலு நடித்த நேசமணி என்ற பாத்திரத்தின் தலையில் விழுந்தது இதுதான் என்ற பாணியில் பதிலிட்டார். நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்ற வாசகம் சில மணி நேரங்களில் உலகளாவிய அளவில் முன்னணிக்கு வந்தது. படத்தைப் பார்த்திராதவர்கள், உண்மையிலேயே யாருக்கோ ஆபத்து நேர்ந்துவிட்டதாக எண்ணிக் கவலையுடன் விசாரித்தனர். முந்திய கட்டத்தை அறிந்தவர் சிரித்தார், அறியாதவர் பதறினார். அதனால் யாருக்கும் கேடு விளையவில்லை.

அதே மே மாதத்தில் நமது நாட்டில் நடந்தவை அவ்வாறு முடியவில்லை. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நிகழ்ந்து மூன்று வாரங்களே ஆகியிருந்த வேளையில், சிலாபத்தைச் சேர்ந்த முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் பேஸ்புக்கில் நடந்த சொல்லாடலொன்றில், அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற கருத்துப்பட ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அது யாருக்கு, எதற்குப் பதிலாக எழுதப்பட்டது என்பது மறைந்துபோயிற்று. அந்த ஒரு வரி, வரவிருக்கும் தாக்குதலுக்கான எச்சரிக்கை என்று வாசிக்கப்பட்டது. மே 12 அன்று சிலாபத்தில் தொடங்கிய பதற்றம், மறுநாள் குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் வன்முறையாக வெடித்தது. கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஓர் உயிரும் பலியானது.

சில தினங்களில் நமது ஊவா எல்லைக்கு அண்மையிலேயே இன்னொரு சம்பவம் நிகழ்ந்தது. மஹியங்கனைக்கு அருகிலுள்ள ஹசலக்கவில், கப்பலின் சுக்கானை ஒத்த சக்கரம் அச்சிடப்பட்ட ஆடையை அணிந்திருந்த முஸ்லிம் பெண் ஒருவர், அது பௌத்தர்களின் தர்மசக்கரம் என்ற குற்றச்சாட்டில் கைதுசெய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. படமொன்றைத் தவறாக வாசித்ததற்கு ஒரு குடும்பம் கொடுத்த விலை அது.

இவற்றுக்கும் முன்னோடியாக அமைந்தது 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் நடந்தது. முஸ்லிம் உணவகமொன்றில் கறியிற் காணப்பட்ட மாக்கட்டி, கருத்தடை மாத்திரை என்று குற்றஞ்சாட்டப்பட்டது. சிங்களம் சரிவரத் தெரியாத ஊழியர், கூட்டத்தின் நடுவே அஞ்சி நின்று, கேட்கப்பட்டதை விளங்கிக்கொள்ளாமல் ஆமோதித்தார். அக்காட்சி காணொளியாகப் பரவியது. அது மாவுப்பொருளே என்று அரச பகுப்பாய்வு பின்னர் காட்டியது. அத்தகைய மாத்திரை எதுவும் இல்லையென்று மருத்துவத்துறையினரும் விளக்கினர். ஆனால் அந்த விளக்கங்களைவிடக் காணொளியே வேகமாக ஓடியது. மார்ச் மாதத் தொடக்கத்தில் திகனையிலும் கண்டியின் பிற பகுதிகளிலும் வன்முறை மூண்டது. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, சமூக ஊடகங்கள் சில நாட்கள் முடக்கப்பட்டன. தமது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது.

இவ்வுதாரணங்கள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. படமோ, காணொளியோ, வரியோ உண்மையில் இருந்தது. பொய், அவற்றைச் சூழ்ந்திருந்த வெற்றிடத்தில் புகுந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் தம்மிடம் ஏற்கெனவே இருந்த அச்சத்தையும் வெறுப்பையும் கொண்டே நிரப்பினர். இது ஒரு சமூகத்துக்கு மாத்திரம் உரிய பலவீனமன்று. தமிழரைப் பற்றி முஸ்லிம்களிடையேயும், முஸ்லிம்களைப் பற்றித் தமிழரிடையேயும் இத்தகைய ஒற்றைக் கட்டங்கள் உலவுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நம்மைப் பற்றிய பொய்யைக் கண்டு கொதிக்கும் நாம், பிறரைப் பற்றிய பொய்யை ஒரு நொடியில் நண்பர்களுக்கு அனுப்பிவிடுகிறோம்.

தொழில்நுட்ப நிறுவனங்களும் அரசும் தத்தமது வழியில் நடவடிக்கை எடுத்துள்ளன. வட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பமுடியாதவாறு 2019 இல் உலகளாவிய கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. பலமுறை கைமாறிய செய்திகளுக்கு இரட்டை அம்புக்குறி இடப்படுகிறது. அக்குறியைக் கண்டால், நமக்கு அனுப்பியவரும் அதனை எழுதியவரல்லர் என்று பொருள். நமது நாடாளுமன்றம் 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அது கருத்துச் சுதந்திரத்தை நசுக்கும் என்ற கண்டனம் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எழுந்தது. சட்டத்தின் குறைநிறைகள் எவ்வாறாயினும், சட்டம் வந்து சேர்வது தீ பரவிய பின்னரே. முதற்பொறியை அணைக்கக்கூடியவர் தொலைபேசியைக் கையில் வைத்திருப்பவரே.

மலைநாட்டில் வாழும் நமக்கு இதில் மற்றுமோர் ஆபத்தும் உண்டு. பொய்யை நம்புவதால் வரும் கேட்டைப் போலவே, உண்மையைப் பொருட்படுத்தாமையால் வரும் கேடும் இங்கு உயிரைப் பறிக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அவ்விடம் ஆபத்தானது, மக்கள் வெளியேற்றப்பட வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மாற்றுக் காணியும் வீடும் இன்றி அம்மக்கள் எங்கு செல்வது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. எச்சரிக்கை கடதாசியிலேயே தங்கிவிட்டது. அனர்த்தம் நிகழ்ந்த பின்னரோ, புதையுண்டோரின் தொகை குறித்து நாளுக்கொரு கணக்கு உலவி உறவினர்களை வதைத்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது 600 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களே பேரிழப்பைச் சந்தித்தன. அந்நாட்களில், செயற்கை நுண்ணறிவினால் உருவாக்கப்பட்ட வெள்ளப் படங்களும் மீட்புக் காட்சிகளும் உண்மையான படங்களோடு கலந்து பரவின. பழைய சித்திரக்கதையில் இது ஓவியர் வரைந்தது என்பது குழந்தைக்கும் தெரியும். இன்று வரையப்பட்டது எது, எடுக்கப்பட்டது எது என்பது பெரியவர்களுக்கே தெரிவதில்லை. பத்துப் பொய்ப்படங்களைக் கண்டு சலித்தவர், பதினோராவதாக வரும் மெய்யான எச்சரிக்கையையும் தள்ளிவிடுவார் என்பதே இதன் கொடிய விளைவு.

ஆகவே சில நடைமுறைகளை நாம் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறங்களில் விடுக்கிறது. மஞ்சள் நிறம் அவதானமாக இருக்கவும், செம்மஞ்சள் நிறம் வெளியேற ஆயத்தமாகவும், சிவப்பு நிறம் உடனே வெளியேறவும் கூறுகிறது. மெய்யான எச்சரிக்கையில் திகதியும், நேரமும், பிரதேச செயலகப் பிரிவின் பெயரும் இருக்கும். அவை வெட்டப்பட்டிருந்தால் அது பழைய எச்சரிக்கையின் கிழிந்த துண்டாக இருக்கலாம். ஐயமேற்படின் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அழைக்கலாம். ஆனால் நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரெனக் கலங்கிய ஊற்று நீர் ஆகியவற்றை நேரிற் கண்டவர் எந்தச் செய்திக்காகவும் காத்திருக்கலாகாது. இந்த அறிவித்தல்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும் என்பதையும் இங்கு வலியுறுத்த வேண்டும். தாய்மொழியில் உரிய வேளையில் செய்தி கிடைக்காதபோது, அவ்விடத்தை வதந்தி பிடித்துக்கொள்கிறது.

ஏனைய செய்திகளுக்கு மூன்று கேள்விகள் போதும். இதற்கு முந்திய கட்டம் என்ன? இதற்குப் பிந்திய கட்டம் என்ன? இதனை வரைந்தவர் யார்? விடை தெரியாவிடின், பிறருக்கு அனுப்பாமல் இருப்பதே நாம் செய்யக்கூடிய சேவை. இது புதிய அறிவுரையன்று. கேட்ட செய்தியை விசாரித்துத் தெளியுமாறு திருக்குர்ஆனின் 49 ஆம் அத்தியாயம் பணிக்கிறது. யார் சொன்னாலும் மெய்ப்பொருளை ஆராயுமாறு திருக்குறளின் அறிவுடைமை அதிகாரம் கூறுகிறது. இரு சமூகங்களின் வீடுகளிலும் நெடுங்காலமாக ஓதப்பட்டுவரும் அறிவுரை இது. கையில் தொலைபேசி இருக்கும் வேளையிலும் அதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

அந்தச் சலூன் இன்று இல்லை. அன்று ஒரே புத்தகத்துக்குள் தலையை நீட்டி வாசித்த எங்களுக்குக் கிழிந்த பக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. கதையை அறிந்த ஒருவர் பக்கத்திலேயே இருந்தார். இன்று ஒவ்வொருவரும் தனித்தனித் திரையில் வாசிக்கிறோம். பக்கம் கிழிந்திருப்பதே தெரிவதில்லை. வதந்தியைத் தொடங்கியவன் மாயாவியைப் போல மறைந்துவிடுகிறான். கை மட்டுமே வெளியே தெரிகிறது. அந்தக் கை, அதனை அடுத்தவருக்கு அனுப்பிவிட்ட நமது கையாக இருந்துவிடக் கூடாது.