உயிர்க்கு இறுதி வருங்கால் அறம்



சென்ற ஆண்டுத் திருவிழாவில் எம் விரிவுரை முடிந்தபின் அன்பர் ஒருவர் எம்மை அணுகி, "உயிர் போகும் நெருக்கடியில் ஒருவன் செய்த தீமையும் அவன் கணக்கில் ஏறுமோ?" என வினவினார். ஒரு சொல்லால் விடையிறுத்தற்கு எளியதன்று அவ்வினா. ஆதலின் இன்று அதனைச் சிறிது விரித்துரைப்பாம்.

1884-ஆம் ஆண்டு மே மாதம் 'மிக்னொனெட்' என்னும் சிறு பாய்க்கப்பல் இங்கிலாந்தினின்று ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. அதில் இருந்தோர் நால்வர்: தலைவர் டட்லி, மாலுமிகள் ஸ்டீபன்ஸ், புரூக்ஸ், பணிசெய்யும் 17 வயதுச் சிறுவன் பார்க்கர். ஜூலை 5-ஆம் நாள் நடுக்கடலில் கப்பல் மூழ்கிற்று. சிறு படகில் ஏறிய நால்வர்க்கும் இருந்த உணவு இரண்டு தகரக் குவளைக் கிழங்கே; குடிநீர் இல்லை. இடையே கிட்டிய ஆமை ஒன்றும் தீர்ந்தது. கடல்நீர் பருகிய சிறுவன் படகின் அடியிற் சோர்ந்து கிடந்தான். இருபதாம் நாளளவில், ஸ்டீபன்ஸின் இசைவோடு, டட்லி அவனைக் கொன்றார். கொலைக்கு இசையாத புரூக்ஸ் உட்பட மூவரும் அவ்வுடலை உண்டனர். சில நாளில் ஒரு கப்பல் வந்து அவர்களை மீட்டது.

உண்ணாவிடின் அவர்கள் பெரும்பாலும் பிழைத்திரார் என்பதை வழக்கில் நடுவர் குழுவினரும் ஏற்றனர். ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில் நீதிபதிகள் அச்செயலைக் கொலை என்றே தீர்த்து, டட்லிக்கும் ஸ்டீபன்ஸுக்கும் மரண தண்டனை விதித்தனர். பின்னர் அது ஆறு திங்கட் சிறையாகக் குறைக்கப்பட்டது. குற்றம் குற்றமென உரைக்கப்பட்டது. துன்புற்றோர்க்கு இரக்கமும் காட்டப்பட்டது. இரண்டும் வேண்டற்பாலனவே.

நம் நூல்கள் இதனை எவ்வாறு நோக்கும்? சாந்தோக்கிய உபநிடதத்தில் உஷஸ்தி என்னும் அந்தணர் வறட்கடத்தில் யானைப்பாகன் ஒருவனின் எச்சிற் பயற்றை இரந்து உண்டார். அவன் எச்சில் நீரையும் அளித்தபோது மறுத்தார். பயறின்றேல் உயிரில்லை, நீரோ வேறிடத்தும் கிட்டும் என்பது அவர் கருத்து. ஆபத்தருமம் என்பது இதுவே. இடுக்கண் எத்துணை நெகிழ்த்துமோ அத்துணையே விதி நெகிழும். அதற்கு ஓர் எல்லை உண்டு. உஷஸ்தி விட்டது தம் ஆசாரத்தை. பிறனொருவன் உயிரை அன்று. பாகன் மனமுவந்து ஈந்தான். பார்க்கர் என்னும் சிறுவனை எவரும் இசைவு கேட்டிலர்.

சித்தாந்தம் வினையை மூவகையாக வகுக்கும். புயலும் பசியும் வந்து சேர்ந்தது பிராரத்தம். அதற்கு அப்பொழுது எவரும் பொறுப்பாகார். ஆனால் கத்தியை எடுத்தது ஆகாமியம். அது புதிதாய் ஈட்டிய வினை. நெருக்கடி வினையின் கனத்தைக் குறைக்கலாம். வினையே இல்லை என்று ஆக்காது.

ஏனாதிநாத நாயனாரை நினைமின்கள். வாட்போரில் பகைவன் அதிசூரன் தன் நெற்றியில் மறைத்திருந்த திருநீற்றைக் காட்டிய கணத்தில், வெல்லும் நிலையிலிருந்த நாயனார் கொல்லக் கருதாது நின்றார். அப்பொழுதும் வாளையும் கேடயத்தையும் கீழே எறிந்திலர். படையற்றவனைக் கொன்றான் என்னும் பழி அப்பகைவனுக்கு வரலாகாது என்று எண்ணினார். தம் உயிர் பிரியுங் கணத்திலும் பிறன் வினைக்கணக்கை நினைந்த பேருள்ளம் அது!

அன்பர்களே, அப்படகில் இருந்திருந்தால் யாம் என் செய்திருப்போம்? நாயனார் போல் நின்றிருப்போம் என்று சொல்ல எமக்குத் துணிவில்லை. ஆதலின் அம்மூவரை இகழ்தல் எம் பணியன்று. ஆயின், உண்டு உடுத்து நலமாயிருக்கும் நாளிலேயே பிறர் பங்கைப் பறிக்கும் நாம், பசியால் உயிர் துடிக்கும் நாளில் கையை அடக்குவது எங்ஙனம்? வரிசையில் முந்துவதையும், எளியோன் கூலியைக் குறைப்பதையும் இன்றே விடுவோமாக. அத்தகைய நாள் எவர்க்கும் வாராதொழிக; வருமேல், நம் கையைப் பிடித்துத் தடுக்கும் அருளைக் கூத்தப்பிரான் தந்தருள்க.

திருச்சிற்றம்பலம்.