கடைவீதியில் கண்டதும் கொண்டதும்

சங்கங்களின் ரொக்கப் புத்தகத்தையும் இருப்புப் பதிவேட்டையும் புரட்டிப் பார்ப்பது அடியேனின் தொழில். ஆயினும் தொரப்பள்ளியிலிருந்து துணிப்பையுடன் புறப்பட்டு ஓசூர்க் கடைவீதியில் நுழைந்துவிட்டால் நானும் எல்லாரையும் போல் ஒரு வாடிக்கைக்காரனே. “நீங்கள் அதிகாரி, உங்களை எந்த வியாபாரி ஏமாற்றுவான்?” என்று அங்கத்தினர்கள் கேட்பதுண்டு. ஏமாந்த கதையும் உண்டு, ஏமாறாத கதையும் உண்டு. இவ்விரண்டிலும் சேராத ஒரு கதையும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நல்லதை முதலில் கூறுவோம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பின்னர் ஓசூரிலும் ஒன்று அமைந்தது. விளைவித்தவரே விற்க வேண்டும், அதற்கு அடையாள அட்டை வேண்டும், அன்றைய விலை பலகையில் எழுதப்பட வேண்டும் என்பவை அதன் விதிகள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் அச்சந்தையில் ஒரு குடியானவப் பெண்மணியிடம், வீட்டு விசேஷத்திற்கென்று ஐந்து கிலோ தக்காளி கேட்டேன். “என்றைக்கு அண்ணா விசேஷம்?” என்றார். மூன்று நாள் கழித்து என்றேன். “அப்படியானால் இது வேண்டாம். நன்றாகப் பழுத்துவிட்டது, அழுகிப்போகும். அடுத்த கடையில் செங்காய் இருக்கிறது, அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டார். கைக்கு வந்த விற்பனையைத் தாமே அடுத்த கடைக்கு அனுப்பிவிட்டார். நான்கு ஆண்டுகளாக என் வீட்டுக் காய்கறி அவரிடமே வாங்கப்படுகிறது.

இதற்கு நேர்மாறானது சந்தைக்கு வெளியே நடந்தது. ஒரு வியாபாரி மூன்று கிலோ பீன்ஸ் நிறுத்துக் கொடுத்துவிட்டு, கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் ஒரு கை அள்ளிக் கொசுறாகவும் போட்டார். கொசுறு பெற்றவன் தராசைப் பார்ப்பதில்லை. கொசுறின் பயனே அதுதானோ என்று எனக்குப் பிற்பாடு தோன்றியது. பை இலேசாக இருந்தபடியால், வழியிலிருந்த, என் சரகத்தைச் சேர்ந்த ஒரு சங்கக் கடையின் தராசில் வைத்தேன். 2 கிலோ 640 கிராம். மறுநாள் சென்று கேட்டபோது, “பழகின மனிதர், உங்களை ஏமாற்றுவேனா சார்?” என்றார். தராசைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். அதில் முத்திரையே இல்லை. நாலு பேர் கூடிவிட்டார்கள். நான் உரக்கப் பேசினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வீசை, பலம், படி என்று ஊருக்கு ஊர் அளவு மாறிய காலம் ஒன்று இருந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இப்பொழுது நடப்பிலிருப்பது 2009-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம். எடைக்கற்களுக்கும் கைத்தராசுக்கும் 24 மாதத்திற்கு ஒருமுறையும், மின்னணுத் தராசுக்கு 12 மாதத்திற்கு ஒருமுறையும் மறுமுத்திரை இட வேண்டும். பூக்காரரின் முழம் மட்டும் எந்த முத்திரைக்கும் கட்டுப்படுவதில்லை. நெட்டைக் கைக்காரராகப் பார்த்து வாங்குவதே வழி.

நெசவாளர்கள் சற்று கவனிக்க வேண்டிய ஒன்று. என் தங்கையின் திருமணத்திற்கு, எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு நகரத்தில் பெரிய ஜவுளிக் கடையில் பட்டுப் புடவை எடுத்தோம். கைத்தறிக் கோர்வைப் புடவை என்று சொல்லி அதற்குரிய விலையே பெற்றார்கள். வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர், நாற்பது ஆண்டுகள் தறியில் அமர்ந்தவர், புடவையின் பின்புறத்தைத் திருப்பினார். “தம்பி, உடலின் ஊடை நூல் கரைக்குள்ளும் ஓடியிருக்கிறதே, இது கோர்வை எப்படி ஆகும்?” என்றார். கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா. துணைக்கு இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். நான் கொடுத்த விலையில் அந்த இரண்டாவது ஆளின் கூலியும் அடங்கியிருந்தது. அந்த வேலையை யாரும் செய்யவில்லை, அந்தக் கூலியை எந்தத் தறிக்காரரும் பெறவுமில்லை. கடையில் கேட்டதற்கு, ஒட்டியிருந்த ‘சில்க் மார்க்’ சீட்டைக் காட்டினார்கள். 2004-ல் வந்த அச்சீட்டு, நூல் தூய பட்டு என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. கைத்தறி என்பதற்கு 2006-ல் ஏற்பட்ட ‘கைத்தறி முத்திரை’ தனியே இருக்கிறது. அது அப்புடவையில் இல்லை. கூட்டுறவில் பணிபுரியும் நானே இந்த வேற்றுமையைப் பணம் கொடுத்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.

அங்கே இன்னொரு தவறும் செய்தேன். “பில் வேண்டுமானால் வரி சேரும்” என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். எங்கள் தொரப்பள்ளிக்கு இதில் ஒரு சம்பந்தம் உண்டு. 1878-ல் இவ்வூரில் பிறந்த ராஜாஜிதான், சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1937-ல் அன்றைய சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கினால் குறையும் வருமானத்தை ஈடுசெய்யவே அது தேவைப்பட்டது. ஓசூரும் அக்காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததே. அவர் பிறந்த இல்லம் நினைவகமாக விளங்கும் ஊரில் குடியிருந்துகொண்டு ரசீது வேண்டாம் என்று சொன்னவன் நான்.

ரசீதின் அருமையை எனக்கு உணர்த்தியவர் ஒரு விவசாயி. கடன் சங்கமொன்றின் தவணை தவறியோர் பட்டியலில் அவர் பெயரைக் கண்டேன். அதுவரை ஒரு தவணையும் தவறாதவர் என்பதால் காரணம் கேட்கச் சென்றேன். அரை ஏக்கரில் முட்டைக்கோசு நட்டிருந்தார். இலை விரிந்ததே தவிர கோசு கட்டவில்லை. விதையை உறை பிரித்து அளந்து வாங்கியிருக்கிறார். உறை இல்லை, ரசீதும் இல்லை. 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டப்படி ரகம், முளைப்புத் திறன், பரிசோதனைத் தேதி முதலியவை உறையின் சீட்டில் இருக்க வேண்டும். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று, தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையில் கொடுத்து வாங்கியதற்குக் கட்டணமும் இல்லை. இவ்வளவையும் நான் அவரிடம் எடுத்துச் சொன்னேன். “எதைக் காட்டி முறையிடுவது சார்?” என்று அவர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வட்டியுடன் கடனைத் தீர்க்க ஒரு பசுவை விற்றார். உறையையும் ரசீதையும், விதைத்ததுபோக ஒரு பிடி விதையையும் அறுவடை வரை எடுத்து வைக்குமாறு அன்று முதல் போகுமிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

இனி, கடைசிக் கதை. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் சங்கக் கடை திறந்தது, கலப்படமற்ற மாவும் சரியான எடையும் வேண்டும் என்பதற்காக என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். சென்ற ஆண்டு, நான் பீன்ஸ் நிறுத்துப் பார்த்த அதே சங்கக் கடையை ஆய்வு செய்தேன். தராசைத் திருப்பியபோது முத்திரை காலாவதியாகி வெகுநாளாகிவிட்டது தெரிந்தது. அன்று நான் அதே தராசின் பலத்தில் அந்த வியாபாரியிடம் சண்டையிட்டபோதும் அது காலாவதியானதே. சோதனைக்கு அனுப்பியதில், கிலோவுக்கு 20 கிராம் குறைத்துக் காட்டுவதாகத் தெரிந்தது. பீன்ஸ் வியாபாரி குறைத்தது 360 கிராம் அன்று, ஏறக்குறைய 300 கிராம். அவர் கணக்கு அவ்வளவில் சற்று நேராயிற்று.

நேராகாதது வேறு. தராசு குறைத்துக் காட்டினால், கேட்ட எடைக்கு மேல் சரக்கு வெளியே போகும். அந்தக் கடையில் பருப்பும் சர்க்கரையும் இருப்புக் குறைவதாக முந்தைய ஆய்வில் எழுதி, விற்பனையாளரிடம் விளக்கம் கேட்டவன் நான்தான். குறைவுக்கான தொகையை அவர் தம் சம்பளத்திலிருந்து கட்டியிருந்தார். “நான் ஒரு மணி எடுக்கவில்லை சார்” என்று அவர் அப்போது சொன்னது என் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. அதன் எதிரில் ‘ஏற்கத்தக்கதன்று’ என்று என் கையெழுத்தும் இருக்கிறது.

தொகையை அவருக்குத் திருப்பித் தரும்படி அறிக்கை எழுதினேன். நிர்வாகக் குழு தீர்மானித்துக் கொடுத்துவிட்டது. அடுத்த தடவை சென்றபோது புது முத்திரையிட்ட தராசு இருந்தது. அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டேன். அவர் பேசாமல் தராசை முதலில் என் பக்கம் திருப்பி முத்திரையைக் காட்டினார், பிறகு நிறுத்தார், கேட்காமலே ரசீதும் எழுதிக் கொடுத்தார்.

கொசுறு எதுவும் போடவில்லை.