பாடெல் விளையாட்டு: முதலில் தரை, பிறகே சுவர், அறிய வேண்டிய அடிப்படை விதிகள்

புது தில்லி: மும்பை, தில்லி, பெங்களூரு உள்ளிட்ட பெருநகரங்களில் கண்ணாடிச் சுவர்கள் சூழ்ந்த பாடெல் ஆடுகளங்கள் அதிகரித்து வருகின்றன. டென்னிஸில் நன்கு பழகியவர்கள்கூட இந்த ஆட்டத்தில் முதல் நாளில் தடுமாறுவதுண்டு. சுவரில் பட்ட பந்து எப்போது செல்லும், எப்போது செல்லாது என்ற குழப்பமே அதற்குக் காரணம்.

மெக்சிகோவின் அகபுல்கோ நகரில் என்ரிக்கே கோர்குவேரா என்பவர் 1969-ஆம் ஆண்டு தமது இல்லத்தில் அமைத்த சுவர் சூழ்ந்த ஆடுகளத்தில் இவ்விளையாட்டு தோன்றியது. 1974-இல் ஸ்பெயினின் மார்பெல்லா நகருக்குச் சென்று, அங்கிருந்து பரவியது. சர்வதேச பாடெல் கூட்டமைப்பு 1991-இல் தொடங்கப்பட்டது.

ஆடுகளமும் மட்டையும்

பாடெல் பெரும்பாலும் இருவர் கொண்ட இரு அணிகளுக்கு இடையே ஆடப்படுகிறது. ஆடுகளத்தின் நீளம் 20 மீட்டர், அகலம் 10 மீட்டர். நடுவலையின் உயரம் மையத்தில் 88 செ.மீ. வலையிலிருந்து இருபுறமும் 6.95 மீட்டர் தொலைவில் சர்வீஸ் கோடு உள்ளது. பின்புறமும், அதையொட்டிய பக்கவாட்டுப் பகுதிகளும் பொதுவாகக் கண்ணாடிச் சுவர்களால் ஆனவை; மற்ற பகுதிகளில் கம்பிவலைத் தடுப்பு இருக்கும்.

மட்டையில் டென்னிஸ் மட்டையைப் போல நரம்புகள் இல்லை. துளைகள் இடப்பட்ட கெட்டியான பரப்பே உண்டு. மட்டையின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டியிருப்பது கட்டாயம்.

சர்வீஸ்

சர்வீஸ் செய்பவர் கோட்டுக்குப் பின்னால் நின்று, பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி, இடுப்பு உயரத்திலோ அதற்குக் கீழோ அடிக்க வேண்டும். டென்னிஸைப் போலத் தலைக்கு மேல் அடிக்க அனுமதியில்லை. பந்து மூலைவிட்டமாக எதிரணியின் சர்வீஸ் கட்டத்தில் விழ வேண்டும். இரண்டு வாய்ப்புகள் உண்டு.

கட்டத்தில் விழுந்த பந்து அடுத்துக் கண்ணாடியில் பட்டால் சர்வீஸ் செல்லும். இரண்டாம் முறை தரையைத் தொடுவதற்கு முன் கம்பிவலையில் பட்டால் அது தவறு. சர்வீஸை எதிர்கொள்பவர் பந்து தரையில் விழுந்த பின்னரே அடிக்க வேண்டும்.

சுவரின் பங்கு

ஆட்டம் தொடங்கிய பின் நினைவில் கொள்ள வேண்டியது ஒரே வரிசை: முதலில் தரை, பிறகே சுவர். அடித்த பந்து எதிரணியின் தரையில் விழாமல் நேராக அவர்களது சுவரிலோ கம்பிவலையிலோ பட்டால் அடித்தவருக்குப் புள்ளி இழப்பு. தரையில் விழுந்த பின் அவற்றில் பட்டால் ஆட்டம் தொடரும். சர்வீஸுக்கு உள்ள கம்பிவலைத் தடை இங்கே பொருந்தாது.

எனவே, தம்மைக் கடந்து சென்ற பந்தைக் கைவிட வேண்டியதில்லை. அது சுவரில் மோதித் திரும்பும்வரை காத்திருந்து, இரண்டாம் முறை தரையைத் தொடுவதற்குள் அடிக்கலாம். தமது பக்கக் கண்ணாடிச் சுவரில் பந்தை அடித்து, அது வலையைத் தாண்டி எதிரணியின் தரையில் விழுமாறு செய்யவும் அனுமதி உண்டு. ஆனால், தமது பக்கக் கம்பிவலையில் அடித்து அனுப்ப இயலாது.

பந்து இருமுறை தரையில் விழுந்தாலோ, வீரரின் உடலில் பட்டாலோ, ஆட்டத்தின்போது அவர் நடுவலையைத் தொட்டாலோ அவரது அணி புள்ளியை இழக்கும்.

புள்ளிக் கணக்கு

புள்ளிகள் டென்னிஸைப் போலவே 15, 30, 40 என எண்ணப்படும். குறைந்தது இரண்டு கேம் வித்தியாசத்தில் ஆறு கேம்களை வெல்லும் அணிக்கு செட் கிடைக்கும். 6-6 எனச் சமநிலை ஏற்பட்டால் டை-பிரேக். மூன்று செட்களில் இரண்டை வெல்லும் அணியே வெற்றியாளர். சில போட்டிகளில் 40-40 நிலையில் ஒரே ஒரு ‘தங்கப் புள்ளி’ கேமைத் தீர்மானிக்கும். அதற்கான சர்வீஸை எந்தப் பக்கத்தில் எதிர்கொள்வது என்பதை எதிரணியே தேர்வு செய்யும்.

நண்பர்களிடையே நடைபெறும் ஆட்டங்களில் நடுவர் இருப்பதில்லை. அங்கே சர்ச்சை எழுந்தால், வலையைத் தாண்டிய பந்து முதலில் எதைத் தொட்டது என்று பார்த்தாலே பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும்.