நகரபிதாவின் பெயரில் ஒரு மைதானம்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவரடியில் குனிந்து, முதலாம் பராந்தக சோழன் காலத்து எழுத்துகளை விரலால் தடவிப் பார்ப்பவருக்கு, 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த அந்தச் சாசனங்கள் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஆள் தேர்ந்த குடவோலை முறையோடு நின்றுவிடவில்லை என்பது, உடன் வந்தவர் யாரேனும் வாசித்துப் பொருள் சொன்னால், சற்று நேரத்திலேயே விளங்கிவிடும். முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்த ஊரில், கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடைய புருஷர்களின் பெயர்களே குடத்தில் விழுந்தன. நிலமற்றாருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை என்பதை எங்கள் ஊர்ப் பெருமை பேசுவோர் சௌகரியமாக மறந்துவிடுவதுண்டு. ஆயினும் ஒரு விதி இன்றும் பிரமிக்க வைக்கிறது: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமற் போனவனை மட்டுமன்று, அவனுடைய சிற்றன்னை பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் வரை ஒருவர் பெயரையும் குடத்தில் இடலாகாது என்று சபையார் தீர்மானித்திருக்கிறார்கள்.

பதவி வகித்தவருக்குப் பெருஞ்செலவில் மரியாதை செய்வது தகுமா என்ற கேள்வி எங்கே எழுந்தாலும் எனக்கு இந்தச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கை இந்திய அரசு ஏழு கோடி ரூபாயில் புதுப்பித்துக் கொடுக்க, 2016 ஜூன் 18 அன்று நம் பிரதமர் காணொளி வாயிலாக அதைத் திறந்து வைத்தார். அவரே 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது உத்திரமேரூர்ச் சாசனத்தையும் எடுத்துச் சொன்னார் என்பது ஒரு விசித்திரமான பொருத்தம்.

அந்த அரங்கு யார் பெயரைத் தாங்குகிறதோ அந்த ஆல்பிரட் துரையப்பா 1960-இல் சுயேச்சையாக நின்று யாழ்ப்பாணத் தொகுதியை வென்றவர். பின்னர் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஆளாகி, நகரபிதாவாகவும் அமர்ந்தவர். ஏழை எளியவர்கள் அணுகக்கூடிய மனிதர் என்று பெயர் எடுத்திருந்த அவரே, 1974 ஜனவரி 10 அன்று நாலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாள் கூட்டத்தில் போலீசார் புகுந்து கலைத்ததில், மின்கம்பி அறுந்து விழுந்து ஒன்பது பேர் மாண்ட பிறகு, அதற்கு அவரும் பொறுப்பு என்று தமிழர் பலரால் பழிக்கப்பட்டு, துரோகி என்று தூற்றப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரும் பேராயர் ஒருவரும் அடங்கிய, அரசாங்கத்தைச் சாராத விசாரணைக் குழு போலீசாரையே குற்றவாளிகளாகக் கண்டது. ஜனங்களின் கோபமோ நகரபிதாவை விட்டு அகலவில்லை. 1975 ஜூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாளைத் தரிசிக்கச் சென்ற இடத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையை விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் முதல் கொலையாகச் சரித்திரம் எழுதுவோர் குறிக்கின்றனர்.

எங்கள் ஊர்ச் சபையார் கணக்குக் காட்டாதவனைத் தள்ளிவைத்தார்கள். கணக்குக் கேட்பதற்கு முன்னே ஆளைத் தீர்த்துக்கட்டவில்லை. துரையப்பாவின் மீது சொல்லப்பட்ட பழி மெய்யோ பொய்யோ, பதில் சொல்லும் வாய்ப்பையே ஒரு துப்பாக்கி பறித்துக்கொண்ட பின், மைதானத்திலிருந்து அவர் பெயரை அழிக்கச் சொல்வது என் மனத்துக்கு நியாயமாகப் படவில்லை. ஏழு கோடியும் வெண்கலச் சிலையாக நின்றிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். பேருந்து நிழற்குடையில் மூன்று தகரத்துக்கு முப்பதடிப் பெயர்ப்பலகை மாட்டும் ஜில்லாவில் இருப்பவனுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். இங்கே அந்தப் பணம் 1,850 பேர் அமர்ந்து பார்க்கும் ஆசனங்களாகவும், பிள்ளைகள் ஓடியாடும் தரையாகவும் ஆகியிருக்கிறது.

ஆகவே பெயர் இருக்கட்டும். அந்த அரங்கத்துக்குச் சமீபத்திலேயே, முற்றவெளியில், 1974-இல் மாண்டவர்களின் நினைவுத் தூண்களும் நிற்கின்றன. யாழ்ப்பாணம் போகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.