உங்களுக்குத் தெரியுமா?

டெல்லியில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தின் முதல் காப்பாளர் ஒரு ஜெர்மானியர்! பெயர் ஹெர்மன் கோட்ஸ். 1898-இல் பிறந்த இந்தக் கலை வரலாற்றாசிரியர், 1930-களில் இந்தியாவுக்கு வந்து பரோடா அருங்காட்சியகத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். முகலாய, ராஜபுத்திர ஓவியங்களில் ஆழ்ந்த புலமை உள்ளவர். இமயமலைச் சாரலில் உள்ள சம்பாவின் பழைய மரக்கோயில்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அப்படிப்பட்டவரிடம் நவீனக் கலையை ஒப்படைத்தது துணிச்சலான முடிவுதான், அது வீண்போகவில்லை.

1954 மார்ச் 29 அன்று டெல்லியின் ஜெய்ப்பூர் மாளிகையில், நேரு முன்னிலையில், திருத்தணி தந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் கலைக்கூடத்தைத் திறந்துவைத்தார். தொடக்க விழாவுக்கு கோட்ஸ் ஏற்பாடு செய்தது ஓவியக் கண்காட்சி அல்ல, சிற்பக் கண்காட்சி. ராம்கிங்கர் பைஜ், தன்ராஜ் பகத் ஆகியோருடன் அதில் பங்கேற்றவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அப்போது அவர் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வர். மெரினாவில் நான்கு தொழிலாளர்கள் நெம்புகோல்களால் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலையை வடித்தவரும் அவரே. அமிர்தா ஷெர்கில், ஜாமினி ராய் ஓவியங்களும் கலைக்கூடத்தின் தொடக்ககாலச் சேகரிப்பில் இடம்பெற்றன. கோட்ஸ் பின்னாளில் ஜெர்மனி திரும்பினார், 1976-இல் மறைந்தார். இந்தியக் கலை உலகம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டிய பெயர் அவருடையது.