ஆபத்துக்காலப் பையும் அதிலிருக்க வேண்டிய அறிவுரைத் தாளும்

புயலும் வெள்ளமும் நம் மாநிலத்துக்குப் புதியவை அல்ல. ஐப்பசி பிறந்ததும் வீடுதோறும் ஆபத்துக்காலப் பை ஒன்றைக் கட்டி வைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்துவது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. அப்பையில் இருக்க வேண்டிய பொருள்களின் ஜாபிதாவும் யாவரும் அறிந்ததே. மூன்று நாட்களுக்கான குடிநீர், அவல், பொரி, வெல்லம், கைவிளக்கு, தீப்பெட்டி, அன்றாடம் உட்கொள்ளும் மருந்து, கட்டுத்துணி, முக்கியமான பத்திரங்கள் ஆகியவை அதில் அடங்கும். ஆயினும் இந்த ஜாபிதாவில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது ஒரு தாள். எதை எப்பொழுது செய்வது, எந்தப் பொருளை எவ்வளவு உபயோகிப்பது என்று எழுதி வைக்கும் அறிவுரைத் தாளே அது. அதில் எவற்றை எழுத வேண்டும் என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லாம் தெரிந்தவைதாமே, தாள் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பையைக் கட்டுபவர் ஒருவர். அதைத் திறப்பவர் வேறொருவராக இருக்கலாம். குடும்பத் தலைவர் நூல் பெறச் சங்கத்துக்கோ, நெல்லுடன் விற்பனைக் கூடத்துக்கோ சென்றிருக்கும் நாளில் வெள்ளம் வந்தால், பையைத் திறப்பவர் ஒரு மூதாட்டியாகவோ பள்ளிச் சிறுமியாகவோ இருப்பார். மேலும், அச்சம் மிகும்போது நன்கறிந்ததும் மறந்துபோவது மனித இயல்பு. சங்கத்தின் துணைவிதிகளை நாம் அமைதியான நாளில் கூடி எழுதுகிறோம்; தகராறு எழும் நாளில் அவை நமக்கு வழிகாட்டுகின்றன. தகராறு வந்த பின்னர் விதி எழுதப் புகுந்த சங்கம் நிலைத்ததில்லை. வீட்டுக்கும் இது பொருந்தும்.

பிறரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று எண்ணுவதும் சரியன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையின்போது, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெளியேற வழியின்றி ஒரு நாளுக்கு மேல் சிக்கியிருந்தனர். அத்தகைய நேரத்தில் மின்சாரம் இராது, செல்பேசியும் ஊமையாகிவிடும். கையிலிருக்கும் தாளே அப்பொழுது பேசும்.

எழுதி வைப்பதால் விளையும் பெரும் நன்மை, அளவு மாறாமல் காக்கப்படுவதாகும். 1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பான்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் நீர்மருந்து போதாமற் போகவே, டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் குளுகோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் குறித்த அளவில் நீரில் கலந்து பருகக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினரே அதனைப் புகட்டினர். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, மரணம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. கலந்தவை யாவும் எளிய பொருள்களே. சரியான அளவே அவற்றை மருந்தாக்கியது. பாமரருக்கும் சொல்லிக் கொடுக்கத்தக்கதாய் அந்த அளவு இருந்ததே உயிர்களைக் காத்தது. நம் தாளும் அவ்வாறே அமைய வேண்டும். வாக்கியங்கள் சிறியவையாக இருக்கட்டும். செய்ய வேண்டியதை எழுதும்போதே செய்யக்கூடாததையும் அதன் பக்கத்தில் எழுதுக. எது முதலில் நேருமோ அதை முதலில் எழுதுக.

முதலாவது, வீட்டை விட்டுப் புறப்படும் வேளை. எல்லாவற்றிலும் கடினமான தீர்மானம் இதுவே. தறியில் பாவு ஏற்றியிருக்கையில் அதை விட்டுச் செல்ல நெசவாளிக்கு மனம் வருவதில்லை. தொழுவத்தில் மாடு நிற்கையில் விவசாயிக்கும் அவ்வாறே. இந்தத் தயக்கத்திலேயே வழி அடைபட்டுப் போகிறது. ஆகையால் அமைதியான நாளிலேயே தீர்மானித்து, பின்வருமாறு எழுதி வைப்போம்: “வெளியேறும்படி அறிவிப்பு வந்தால் உடனே புறப்படுக. அறிவிப்பு வராவிட்டாலும், வாசற்படியில் இட்ட கோட்டைத் தண்ணீர் தொட்டால் புறப்படுக. இருட்டும் வரை காத்திராதே. மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிடு. ஓடும் வெள்ளத்தில் இறங்காதே.” போய்ச் சேர வேண்டிய இடம், அதற்குரிய மேட்டுப் பாதை, பிரிந்துபோனவர்கள் கூட வேண்டிய இடம் ஆகியவற்றையும் பெயரிட்டு எழுதுக. கடற்கரை ஊர்களில் உள்ளோர், “நிலம் அதிர்ந்தாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும், யாருடைய அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஓடுக, முதல் அலை வடிந்ததும் திரும்பாதே” என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26-ஆம் நாளை நாகை, கடலூர் மக்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. தறி போனால் புதிய தறிக்கு மனுச் செய்யலாம். நெய்தவரை மீட்டுத் தர எந்தச் சங்கத்திலும் மனு இல்லை.

இரண்டாவது, புறப்படுமுன் செய்ய வேண்டியவை. தரை உலர்ந்திருக்கும்போதே மின்சார மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். நீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது. எரிவாயு உருளையின் ரெகுலேட்டரை மூட வேண்டும். சாயத் தொழில் செய்வோர் வீட்டில் இன்னொரு வரி அவசியம். ஹைட்ரோஸ் என்று நாம் வழங்கும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டில் ஈரம் பட்டால் அது சூடேறித் தீப்பற்றக்கூடும். மூச்சை அடைக்கும் புகையும் எழும். காஸ்டிக் சோடாவும் நீர் பட்டால் கொதிப்பேறும். இவற்றைக் குழித்தறியின் அருகே தரையில் வைக்காமல், நன்கு மூடி உயரத்தில் வைக்க வேண்டும். விவசாயிகள் பூச்சிமருந்தையும் அவ்வாறே வைக்கக் கடவர்.

மூன்றாவது, குடிநீர். கலங்கிய நீரை மடித்த துணியில் வடிகட்டி, நன்றாகத் தளதளவென்று கொதி வந்த பின்னும் ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். விறகுக்கு வழியில்லாவிடில் குளோரின் மாத்திரை உதவும். மாத்திரைகள் பல வலுவில் விற்கப்படுவதால், பையில் வைத்த மாத்திரையின் உறையில் கண்ட அளவையே தாளில் எழுத வேண்டும். மாத்திரை இட்டு அரை மணி நேரம் சென்ற பிறகே பருகலாம். சாயமோ பூச்சிமருந்தோ கலந்த நீரைக் கொதிக்க வைத்தாலும் விஷம் நீங்காது. மருந்து இருந்த டப்பாவில், எத்தனை முறை கழுவினாலும், குடிநீர் பிடிக்கலாகாது.

நான்காவது, வயிற்றுப்போக்கு. உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இருந்தால் அதன்மேல் அச்சிட்டபடி கரைக்க வேண்டும். இல்லையேல் ஒரு லிட்டர் சுத்தமான நீரில், தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. உப்பு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து. கரைசல் கண்ணீரைவிடக் கரிக்கலாகாது. சிறிது சிறிதாக அடிக்கடி புகட்ட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. ஒரு நாளுக்கு மேல் கரைசலை வைத்திருக்கலாகாது. வீட்டுக்கு வீடு கரண்டி வேறுபடுமாதலால், 5 மில்லி கரண்டி ஒன்றையும், ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றையும் பையிலேயே போட்டு வைப்பது நலம்.

ஐந்தாவது, பாம்புக்கடி. வளைகளில் நீர் புகும்போது பாம்புகள் மேட்டையும் வீட்டையும் நாடி வருகின்றன. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாதபடி சட்டம் வைத்துத் தளரக் கட்டி, மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றி, ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கீறுவதும், உறிஞ்சுவதும், இறுக்கிக் கட்டுவதும், மந்திரிப்பதற்காகக் காலம் கழிப்பதும் கூடா. விஷமுறிவு மருந்து ஒன்றே உயிர் காக்கும். அம்மருந்து செய்ய விஷம் எடுத்துக் கொடுக்கும் பணியை, 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் செய்து வருகிறது என்பது கூட்டுறவாளர்களாகிய நமக்குப் பெருமை தருவதாகும்.

ஆறாவது, புயல். காற்று திடீரென அடங்கினால் புயல் கடந்துவிட்டதென்று எண்ணி வெளியே வரக்கூடாது. புயலின் கண் நம் ஊரைக் கடக்கும்போது சிறிது நேரம் அமைதி நிலவும். பின்னர் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் மூர்க்கமாக வீசும். கடந்துவிட்டது என்ற அறிவிப்பைக் கேட்ட பிறகே கதவைத் திறக்க வேண்டும். அறுந்து கிடக்கும் மின்கம்பியை யாரும் அணுகலாகாது.

ஏழாவது, எண்கள். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இவற்றுடன் உறவினர் இருவரின் எண், சங்க அலுவலக எண், அங்கத்தினர் எண், பட்டா எண், சேமிப்புக் கணக்கு எண், வீட்டிலுள்ளோர் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், அளவு ஆகியவற்றையும் எழுதுக. செல்பேசியில் பதிந்த எண்களை நம்பியிருந்தால், செல்பேசி அணைந்ததும் அவையும் மறையும்.

எட்டாவது, வெள்ளம் வடிந்த பின். நனைந்த மின்கருவிகளை மின் பணியாளர் பார்த்த பிறகே உபயோகிக்க வேண்டும். வெள்ள நீரில் நின்றவருக்குச் சில நாட்களில் காய்ச்சல் வந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம்; நீரில் நின்ற செய்தியை டாக்டரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர்கள், அறுவடை செய்து வயலில் உலர்த்திய கதிர் 14 நாட்களுக்குள் புயல் மழையால் சேதமுற்றால், 72 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க வேண்டிய எண்ணைக் காப்பீட்டு ரசீதிலிருந்து இப்பொழுதே பெயர்த்து எழுதுக.

தாளை எழுதும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. கெட்டியில்லாத சாயம் முதல் தண்ணீரிலேயே போய்விடும் என்பது நெசவாளிகள் அறிந்ததே. பேனா மையும் அத்தகையதே. பென்சிலால் பெரிய எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் இட்டு, வாயை ஒட்டிவிடுக. பிரதிகள் இரண்டு வேண்டும்: ஒன்று பையின் மேற்புறத்திலும், மற்றொன்று கதவின் உட்புறத்திலும் இருக்கட்டும்.

எழுதி முடித்ததும், வீட்டில் வாசிக்கத் தெரிந்தவருள் மிக இளையவரிடம் கொடுத்து, உரக்கப் படித்து அதன்படி செய்து காட்டச் சொல்லுக. அப்பிள்ளை தயங்கி நிற்கும் இடம் எதுவோ, அந்த வரியைத் திருத்தி எழுதுக. படிக்கத் தெரியாத முதியோர்க்கு அதனைப் பல முறை வாசித்துக் காட்டுக. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் மருந்தின் காலாவதித் தேதியைப் பார்க்கும்போது, எண்களையும் சரிபார்த்துக்கொள்க.

அங்கத்தினர்கள் இத்தாளைத் தத்தம் குடும்பத்துக்கு ஏற்றவாறு எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒருவருக்கொருவர் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவூட்டுவார். எழுத இயலாதவர் வீட்டுத் தாளைச் சங்கத்தின் எழுத்தறிந்த அங்கத்தினர் எழுதிக் கொடுப்பாராக. இதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் ஒரு பென்சிலுமே.