கெட்டுப்போன பூமியையும் கிணற்று ஜலத்தையும் பரீட்சைக்கு எடுக்கும் முறை

பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்களைச் சார்ந்த நிலங்களில் தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர் பல்லாண்டுகள் பரவி, கழனிகளும் தென்னந்தோப்புகளும் கெட்ட வரலாறு குடியானவர் அறிந்ததே. தோல் சாலைகள் மிகுந்த பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் ஓரளவுக்கோ முழுவதுமோ பயிருக்குத் தகுதியற்றுப் போயிற்றென ஓர் ஆய்வு கண்டதையும், திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களின் 467 கிணறுகளில் 350 கெட்டிருந்ததையும் சுப்ரீம் கோர்ட்டு 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதித் தீர்ப்பில் எடுத்துக் கூறியுள்ளது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டுமென்ற விதியையும் அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. ஆயினும் இன்ன நிலம் கெட்டது, இன்னதனால் கெட்டது என்பதை வாய்மொழியால் காட்ட இயலாது. மண்ணும் ஜலமுமே சாட்சி சொல்ல வேண்டும். அச்சாட்சியைக் கலைக்காமல் எடுப்பதில்தான் காரியம் இருக்கிறது.

பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிட்டு வருகிறது. அதைக் கழுவும்போது அவ்வுப்பு முழுவதும் கழிவுநீரில் சேர்கிறது. ஆவாரம்பட்டையால் பதனிடும் பழைய முறையிலும் இவ்வுப்பு உண்டு. குரோமிய உப்பால் பதனிடும் முறையிலோ குரோமியமும் கூடச் சேர்கிறது. இவ்விரண்டும் பூமியில் நடந்துகொள்ளும் விதம் வெவ்வேறு. தோல் சாலைக் குரோமியம் பெரும்பாலும் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். உப்போ ஜலத்தோடு இறங்கிக் கிணற்றைச் சேரும். ஆதலால் கிணற்றில் குரோமியம் காணப்படவில்லையென்ற ஒன்றைக்கொண்டு நிலம் கெடவில்லையென முடிவு கட்டுவது தவறு. குரோமேட்டுக் கழிவு குவிந்த இடங்களின் நிலை வேறு. அவ்வகைக் குரோமியம் ஜலத்தில் கரைந்து இறங்கி, நிலத்தடி நீருக்கு மஞ்சள் நிறமே ஊட்டிவிடும். அது மிகக் கொடியது.

எருவளம் அறிவதற்கு மண்வெட்டியால் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டிப் பல இடத்து மண்ணைக் கலந்து அனுப்புவது வழக்கம். இக்காரியத்திற்கு அது போதாது. எவ்வாழத்தில் எது நிற்கிறதென்பதே இங்குக் கேள்வி. கலந்தால் அது மறைந்துபோகும். எனவே உட்குடைவான எஃகுக் குழலைச் சம்மட்டியால் செங்குத்தாக இறக்கி, 0-15, 15-30, 30-60, 60-90 சென்டிமீட்டர் என்று ஆழவாரியாக மண்ணைத் தனித்தனியே எடுத்துச் சுத்தமான பைகளில் இட வேண்டும். எஃகிலும் குரோமியம் இருக்கக்கூடுமாகையால், குழலின் பக்கத்தை ஒட்டிய மண்ணை மரக்குச்சியால் சீவி நீக்கிவிட்டு நடுமண்ணையே கொள்ளுதல் நலம். கெட்டதென்று தோன்றும் வயலுக்குக் கடைசியாகவே போக வேண்டும். ஒவ்வொரு துளைக்குப் பின்னும் குழலைக் கழுவித் துடைக்காவிடில் ஒரு வயலின் குற்றம் அடுத்த வயலின்மேல் ஏறிவிடும். நேர்மையாளரும் வழக்கில் தோற்பது பெரும்பாலும் இத்தகைய அசட்டையால்தான்.

கழிவுநீர் ஏறாத மேட்டுப்பாங்கில் அதே ஜாதி மண்ணுள்ள ஒரு வயலிலும் மாதிரி எடுத்தாலன்றி மற்றவை பேசா. எம்மண்ணிலும் குரோமியம் இயல்பாகவே சிறிது உண்டு. களரும் சில நிலங்களுக்குப் பிறவிக்குணம். ஒப்பு நிலத்தைவிட மேல்மண்ணில் உப்பும் குரோமியமும் சேர்ந்தே மிகுந்திருப்பின், கழிவுநீர் அவ்வயலின்மேல் ஏறியதென்று கருத இடமுண்டு. உப்பு மாத்திரம் மிகுந்திருப்பின், கெட்ட கிணற்று ஜலத்தைப் பாய்ச்சியதன் பயனாயிருக்கலாம். கோடையில் உப்பு மேலே பூக்கும், மழையில் கீழே இறங்கும்; ஆகையால் இரு பருவங்களிலும் எடுத்த மாதிரிகளைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

குழல் ஊற்றுமட்டம் வரை இறங்கிவிட்டால், அத்துளையைத் திறந்துவிடலாகாது. மேலுள்ள விஷம் ஊற்றுக்கு இறங்க அதுவே வாய்க்காலாகும். நல்ல களிமண்ணால் உடனே திமிசு கட்டி அடைக்க வேண்டும்.

கிணற்று ஜலத்திற்கு, பம்பை 10 அல்லது 15 நிமிஷம் ஓடவிட்டுத் தேங்கிய நீர் கழிந்தபின், புட்டியை அந்த ஜலத்தாலேயே இருமுறை மும்முறை அலசிக் காற்று நில்லாமல் நிரப்பி மூட வேண்டும். நீர்மட்டத்தின் ஆழத்தையும் அளந்து குறித்தல் அவசியம். மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 3 டெசிசீமனுக்கு மேற்பட்ட ஜலம் பெரும்பாலான பயிர்களுக்குத் தீங்கானது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது.

கிராம நிர்வாக அலுவலர் உடனிருந்து, புல எண், உட்பிரிவு, துளையிட்ட இடம் வரப்பிலிருந்து எத்தனை மீட்டர், ஆழம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதிப் பையின் உள்ளும் புறமும் வைத்து, புலப்படத்தின் நகலிலும் புள்ளியிட்டுக் கையொப்பமிட வேண்டும். மாதிரியை இரண்டாகப் பகுத்து ஒரு பாதியை முத்திரையிட்டு வைத்துக்கொண்டால், எதிர்த்தரப்பார் மறுபரீட்சை கோரும்போது புதிதாகத் துளையிட வேண்டியிராது.